துணைக்கேள்வி

திருச்சி விடைக்கூடத்துக் கேண்டீனில் காலை நேரத்தில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகை கேட்டு வந்தவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இட்லியை ஆறவிட்டு, காதோடு காதாகக் கேள்வியை ஒத்திகை பார்ப்பார்கள். பக்கத்து மேசைக்காரர் காதில் விழுந்து, அவர் நமக்கு முன்னால் உள்ளே போய்க் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. சுற்றுச்சூழல் பிரிவில் இரண்டு வேறு துறைக்காரர்கள் சேர்ந்து ஒரே கேள்வியோடு வர வேண்டும் என்பது விதி. அதனால் வரன் தேடுவதுபோல ஆள் தேடி ஜோடி சேர்ந்திருப்பார்கள். நத்தை ஆராய்ச்சிக்காரரும் கோயில் வரலாற்றுக்காரரும் ஒரே தட்டில் பொங்கல் சாப்பிடுவதை வேறு எங்கே பார்க்க முடியும்?

இன்னொரு வழக்கமும் உண்டு. கேள்வி செத்துப்போனால் அந்த ஜோடி வெளியே வந்து எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். துக்க வீட்டு டீ என்று அதற்குப் பெயர். அந்தக் கேண்டீனில் டீ நன்றாகவே ஓடியது.

கேள்வி எப்படிச் சாகும் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே முன்விடையி என்ற இயந்திரம் இருக்கிறது. காடு, கடல், வயல் என்று எல்லா இடத்துச் சென்சார்களும் காலங்காலமாக அள்ளிக் கொட்டிய டேட்டா முழுவதையும் விழுங்கியது. ஆய்வுக் கேள்வியை முதலில் அதனிடம் கேட்க வேண்டும். அது விடை சொல்லிவிட்டால் உதவித்தொகை கிடையாது. தெரிந்த விடைக்கு எதற்கு நாலு வருஷம் சம்பளம் என்பது அரசின் நியாயம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அது விடை சொல்ல முடியாமல் திணறினால் மட்டும் பச்சை விளக்கு எரியும். எரிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான் தேவசகாயம், சேற்று வேதியியல் படித்தவன். வீட்டில் இன்றுவரை அதை ஒரு படிப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. என் ஜோடி சஃபீகா, கடலோர மக்களின் வாழ்வியல் படித்தவள். எங்கள் கேள்வி முத்துப்பேட்டைக் காயலைப் பற்றியது. கடல் ஏறியதில் அலையாத்திக் காடு பட்டுப்போய், காயலுக்குள் கோரைத்திட்டு என்ற ஒரே குடியிருப்புதான் மிஞ்சியிருந்தது. சஃபீகாவின் அக்கா மெஹருன்னிசா கணவனோடும் பிள்ளைகளோடும் அங்கேதான் நண்டு பிடித்துப் பிழைக்கிறாள்.

சஃபீகா அன்று இட்லியைத் தொடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். முன்விடையி சொல்வது அன்றே அரசாணை ஆகிவிடும். ஓர் ஊர் நிற்காது என்று அது சொல்லிவிட்டால் அங்கே அலையாத்தி நடவு நிற்கும், ஆஸ்பத்திரிப் படகு நிற்கும், சில மாதங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மேட்டு நகரில் இறக்கிவிடுவார்கள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல சஃபீ. வேற கேள்வி கேக்கலாம்" என்றேன்.

"நாம கேக்கலன்னா வேற எவனாவது கேப்பான். எங்க லாத்தா அங்க இருக்குறது அவனுக்குத் தெரியவா போகுது? நாமன்னா கொஞ்சம் பாத்துக் கேக்கலாம் தேவா."

பார்த்துத்தான் கேட்டோம். எனக்குத் தெரிந்த சாமர்த்தியம் எல்லாவற்றையும் சேர்த்து நான்தான் அந்தக் கேள்வியைக் கட்டியிருந்தேன். உள்ளே பதிவாளர் கனகவல்லி மேடம் தலையசைத்ததும் படித்தேன்: "கோரைத்திட்டில் அலையாத்தி மறுபடியும் வேர்பிடிக்க, மண்ணிலும் மனிதர் வாழ்விலும் என்னென்ன மாற வேண்டும்?"

சஃபீகா இழுத்த மூச்சை விடுவதற்குள் விடை வந்துவிட்டது. "எது மாறினாலும் வேர்பிடிக்காது. பத்து ஆண்டுகளில் காயல் திறந்த கடலாகும். கோரைத்திட்டு இருக்காது."

பாழாய்ப்போன சாமர்த்தியம். இயந்திரத்தின் மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை. அந்தச் சேற்றை நான் கையில் எடுத்து முகர்ந்திருக்கிறேன். அழுகிய முட்டை நாற்றம், வேருக்கு மூச்சே விடாத மண். என் படிப்பும் அதையேதான் சொல்லியிருக்கும்.

கேள்வி செத்த ஜோடிக்கு ஒரு துணைக்கேள்வி உண்டு. முதல் விடையில் ஐயம் இருந்தால் கேட்பதற்காக என்றோ வைத்தது. ஐயம் யாருக்கும் வந்ததில்லை. அதனால் சாயங்காலம் மழை வருமா, எனக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டுச் சிரித்துவிட்டு டீ வாங்கக் கிளம்பிவிடுவார்கள். நானும் எழுந்துவிட்டேன். சஃபீகா எழுந்திருக்கவில்லை. அழுகையும் ஆத்திரமுமாகத் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி எத்தனை ஊரு இருக்காதுன்னு சொல்லிருப்ப! அதெல்லாம் நீ சொன்னபடியே போயிருச்சா?"

முன்விடையி திணறியது. கனகவல்லி மேடம் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரியாது" என்றது இயந்திரம். "விடை சொல்லப்பட்ட இடங்களில் சென்சார்கள் அகற்றப்படுகின்றன. ஆய்வாளர்கள் அனுப்பப்படுவதில்லை. அதற்குப் பிறகான தரவு என்னிடம் இல்லை."

பச்சை எரிந்தது.

நடவை நிறுத்தி, படகை நிறுத்தி, ஆளையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு எந்த ஊர்தான் நிற்கும்? விடை சரியாக இருந்து ஊர் போனதா, நாம் கைவிட்டதால் போனதா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமாக இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"துணைக்கேள்விக்குப் பச்சை எரிஞ்சு நான் பாத்ததே இல்லம்மா" என்றார் மேடம். விதியைத் தேடிப் படித்தார். செல்லும் என்றார். "விடை சொன்ன ஒரு இடத்துக்குப் போயி, அது பலிக்குதான்னு நாலு வருஷம் பாக்கணும். எந்த இடம்னு போடட்டும்?"

"கோரைத்திட்டு" என்றாள் சஃபீகா.

"அங்கருந்துதான் ஆளுங்கள ஏத்திட்டுப் போயிருவாங்களே."

"ஏத்திட்டுப் போயிட்டா எப்படி மேடம் பாக்குறது? எது மாறினாலும்னுதானே அது சொல்லுச்சு? அப்ப மாத்தித்தானே பாக்கணும். வாய்க்கா வெட்டி தண்ணிய உள்ள விடணும், விதை ஊனணும். அந்த சனம் இல்லாம யாரு செய்வா?"

மேடம் விதியை இன்னொரு முறை புரட்டினார். பிறகு கோரைத்திட்டு மக்களையும் ஆய்வுக் குழுவில் சேர்த்து, ஆய்வு முடியும்வரை வெளியேற்றும் ஆணை அவர்களுக்குப் பொருந்தாது, விரும்பினால் அங்கேயே இருக்கலாம் என்று பதிவு செய்தார்.

கேண்டீனில் ஒரு குழப்பம். கேள்வி பிழைத்தால் யார் டீ வாங்குவது என்பதற்கு வழக்கமே இல்லை. டீ மாஸ்டரே எங்களுக்கு இரண்டு கொண்டுவந்து வைத்தார். சஃபீகா அக்காவுக்குப் போன் போட்டு நானும் கேட்கும்படி வைத்தாள்.

"லாத்தா, கிடைச்சிருச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப ஊரு நிக்கும்ல?"

சஃபீகா டீ கிளாஸை நகர்த்தி வைத்தாள்.

"மிசினு என்னடி சொல்லுச்சு?"

"நிக்காதுன்னு சொல்லுச்சு லாத்தா. சேத்தப் பாத்துட்டு தேவாவும் அதத்தான் சொல்றான். ஆனா நீங்க கெளம்ப வேண்டியதில்ல. இருக்கணும்னா இருக்கலாம்."

"பிள்ளைங்கள வச்சிருக்கேன்டி. இருக்கவா, கெளம்பவா? நீ சொல்லு."

சஃபீகா என்னைப் பார்த்தாள். உதவித்தொகை கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் துளியும் இல்லை. அவர்களை அங்கே இருக்க வைத்தது அவள்தான். பத்து வருஷத்தில் கடல் வந்தால் அதற்கும் அவள்தான் பொறுப்பு.

"எனக்குத் தெரியல லாத்தா" என்றாள்.

பக்கத்து மேசைகளில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் மனிதர்கள் யாரும் சொல்லாத வார்த்தை அது.

"சரி வா" என்றாள் அக்கா. "நாலு வருஷமும் எங்ககூடவே இருந்து பாரு. வந்ததும் மொத வேலையா சின்னவளுக்கு நீச்சல் கத்துக் குடுத்துரு."