சனிக்கிழமை பிரித்த மருந்து

செவ்வாய், காலை 5.40. பாம்பனில் கடலை ஒட்டிய ஓட்டு வீட்டில் பதினோரு வயது ஜெப்சி பாயிலேயே இறந்து கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தலைமாட்டில் பாதி குடித்த தண்ணீர்ச் செம்பு.

ஏழு வயதிலிருந்தே சர்க்கரை நோய். பெற்றவள் இறந்த பிறகு காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டு வந்தவள், தகப்பன் இரண்டாவதாகக் கட்டிய சித்தி பிரெசில்லா.

பகல் 11.20. நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கல் மீன்பிடிக்குப் போயிருந்த தகப்பன் ஜெபஸ்டின், கரையிறங்கிய கையோடு ஸ்டேஷனுக்கு வந்தான்.

“எம் புள்ளைக்கு அவ சித்திக்காரி ஊசி போடல மேடம். கொன்னுட்டா.”

சப் இன்ஸ்பெக்டர் சத்யப்பிரியா நிமிர்ந்தாள். “எப்பக் கடலுக்குப் போனீங்க?”

“வியாழக்கிழமை விடியக்காலம். ஒரு கொறை வச்சிட்டுப் போகலயே! புள்ள ஐஸ்தண்ணி கேக்குதேன்னு, ஐஸ் பிடிக்காமக் கெடந்த ஃப்ரிட்ஜக்கூடச் சரிபண்ணிட்டுத்தான போனேன்.”

அவன் அழுத அழுகையில் வாசலில் நின்றவர்கள் விலகிப் போனார்கள்.

புதன், பகல் 12.10. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ராமநாதபுரத்திலிருந்து ஃபோனில் பேசினார். இரண்டு மூன்று நாளாக உடம்பில் இன்சுலின் வேலை செய்த அறிகுறியே இல்லை. ஆனால் கைகளில் புதிய ஊசித் தடங்கள் ஐந்து.

சித்தி ஊசி போட்டிருக்கிறாள். உள்ளே போனது என்ன? வெறும் தண்ணீரா?

பிரெசில்லா ஸ்டேஷன் பெஞ்சில் முதல் நாள் உடுத்திய சேலையோடே உட்கார்ந்திருந்தாள்.

“கடைசி ஊசி எப்ப?”

“திங்கக்கிழமை சாயந்தரம்.”

“எந்த மருந்து?”

“பழைய பாட்டில் சனிக்கிழமை காலையோட தீந்துச்சு. சாயந்தரம் கரண்டு வந்த பெறகு ஃப்ரிட்ஜுல இருந்து புதுசு எடுத்துப் பிரிச்சேன்.”

“கரண்டு இல்லையா?”

“ஒம்பதுலருந்து அஞ்சு வரைக்கும் இல்ல. லைன் வேலை.”

“சுகர் பாக்கலையா?”

“பாக்குற பட்டி தீந்துபோச்சு. இவரு வந்ததும் வாங்கலாம்னு இருந்தேன். ஓயாமத் தண்ணி கேட்டா. திங்கக்கிழமை வாந்தி எடுத்தா. வெயில் கோளாறுன்னு நெனச்சேன் மேடம்.”

“வீட்டுல வேற எதாவது வித்தியாசமா?”

யோசித்தாள். “சனிக்கிழமை ஃப்ரிட்ஜுல இருந்த முட்டை நாலு வெடிச்சிருந்துச்சு. ஜெப்சிதான் கைதவறி ஒடைச்சிட்டான்னு ஏசுனேன்.” அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மாலை 4.30. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வேல்சாமியைக் கூட்டிக்கொண்டு சத்யப்பிரியா அந்த வீட்டுக்குப் போனாள்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். கதவில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். மூலையில் பிரித்த மருந்து. அதை வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடியின் உட்புறம் உப்புப் பூத்தது போல வெள்ளைத் துகள்கள். உருட்டிப் பார்த்தாள், கரையவில்லை. தண்ணீர் கலந்திருந்தால் மருந்து நீர்க்குமே தவிர இப்படித் திரியாது.

ஐஸ்பெட்டிக்கு நேர் கீழ்த்தட்டில் மீதி முட்டைகளும் ஒரு மருந்து அட்டைப்பெட்டியும் இருந்தன. பெட்டியில் பிரிக்காத இன்னொரு பாட்டில். தொட்டாள். கல்லாக உறைந்திருந்தது.

“ஐஸ்பெட்டி மூடி உடைஞ்சுபோச்சு மேடம்,” என்றான் வேல்சாமி. “குளிரு மேல தங்காமக் கீழ கொட்டும். மேல ஐஸ் லேசுல பிடிக்காது. மூடிய மாத்துனாத் தீந்துச்சு. வெவரம் தெரியாம, குளிரக் கூட்டுற நாபத் திருகுவாங்க. அப்பக் கீழ இருக்கிறதெல்லாம் ஒறைஞ்சுபோகும்.”

குமிழ் ஏழில் நின்றது. அதற்கு மேல் எண் இல்லை.

டாக்டரிடம் ஃபோனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதில் வந்த பிறகு வெகுநேரம் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். இதை எந்த வாயால் சொல்வது?

மாலை 6.15. ஸ்டேஷனில் கணவன் மனைவி இருவரையும் எதிரே உட்கார வைத்தாள்.

“ஜெபஸ்டின், ஃப்ரிட்ஜ எப்படிச் சரிபண்ணீங்க?”

“நாபத் திருகி ஏழுல வச்சேன்.”

“கீழ்த்தட்டுல இருந்த மருந்து அதுல உறைஞ்சிருச்சு. முட்டை வெடிச்சதும் அதனாலதான். சனிக்கிழமை எட்டு மணி நேரம் கரண்டு போனதுல திரும்ப எளகிருச்சு. சாயந்தரம் இவங்க எடுக்கும்போது பாக்க மருந்தாத்தான் இருந்திருக்கு. பிரிச்சதக் கதவுல வச்சதால அது மறுபடி உறையல. ஒருதடவை உறைஞ்ச இன்சுலினுக்குச் சத்து கிடையாது. அஞ்சு ஊசியும் இவங்க ஒழுங்காப் போட்டிருக்காங்க.”

“புள்ள ஐஸ்தண்ணி கேட்டுச்சு மேடம்…”

“தெரியும்.”

“அப்ப என்னைய உள்ள வைங்க.”

“எந்தப் பிரிவுல வைக்க?”

“கொன்னுருக்கேன்ல! எதுலயாச்சும் வைங்க மேடம். வீட்டுக்கு மட்டும் போகச் சொல்லாதீங்க.”

அவள் படித்த சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. எழுதுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

பிரெசில்லா சுவரைப் பார்த்துப் பேசினாள். “ஊசின்னாலே ஓடி ஒளிவா. இந்த மூணு நாளும் அவளே கைய நீட்டுனா. ஊசி போட்டாச் சரியாப்போகும்ல சித்தின்னா. ஆமான்னேன்.”

எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தாள். ஜெபஸ்டின் அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.