ஏழாவது வயரின் நுனி

கந்தோரில் இருந்தவை ஆறு கொம்பியூட்டர்கள். சேர்வரின் திரையில் ஏழு கூப்பிட்டன.

சோமசேகரம் அதை முதலில் பெரிதாக எடுக்கவில்லை. பகல் ஒன்றரை மணி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, ஜெனரேற்றர் புகை மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. எண்ணுவதில் பிழைத்திருப்பேன் என்று விட்டுவிட்டு மறுபடி வேலையில் குனிந்தான்.

பன்னிரண்டு மணிக்குத் துறைமுகப் பக்கம் ஷெல் விழுந்தது. அரை மணிக்குள் ஊரடங்கு. கந்தோர் இருந்த ஓர்ஸ் ஹில் முழுக்கக் கதவடைத்துக்கொண்டது. கந்தோர் ஆட்கள் விழுந்தடித்து ஓடிவிட, கூட வேலைசெய்யும் கலீலுர் றஹ்மான் மட்டும் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்று கெஞ்சினான்.

"சோமண்ணே, வாங்க போவம். இந்த இழவு கொம்பியூட்டரப் பொறவு பாக்கலாம்."

"நாலு மணிக்குள்ள பட்டியல் போகோணும் தம்பி. நீங்கள் போங்கோ."

"உசிர் இருந்தாத்தானே பட்டியல்?"

றஹ்மானுக்கு என்ன, அவன் பெண்சாதி பிள்ளைகள் பக்கத்துக் கிண்ணியாவில். சோமசேகரத்தின் பூரணியும் ஐந்து வயது துளசிகாவும் யாழ்ப்பாணத்தில் அல்லவா கிடக்கிறார்கள். தாயின் செத்தவீட்டுக்கென்று போனவள். அவள் போய்ச் சேர்ந்த கிழமையே பாதையை மூடிவிட்டார்கள். மூன்று மாதமாகிறது. இனிக் கப்பல் ஒன்றுதான் வழி. இன்றிரவு இங்கிருந்து வெளிக்கிடும் கப்பல் நாளை காங்கேசன்துறையில் ஆட்களை ஏற்றும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஏற்றும். இரண்டு தடவை பெயர் விடுபட்டுப் போனது. இந்த முறை 112 பூரணி, 113 துளசிகா. பட்டியல் இந்தக் கந்தோரிலிருந்து நாலு மணிக்குள் போகாவிட்டால் அடுத்த கப்பல் எப்போதென்று கடவுளுக்கே வெளிச்சம்.

போன செவ்வாய்க்கிழமை கரண்ட் எகிறிப் பழைய கொம்பியூட்டர்கள் ஆறும் கருகின. கொழும்பிலிருந்து புதியவை லொறியில் வந்திறங்கின. இந்தச் சனியன்கள் ஒன்றுக்கும் உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் தான் யாரென்றே அதற்குத் தெரியாது. தன் நெற்வேர்க் கார்டில் பொறித்த இலக்கத்தைச் சொல்லி, நான் யார், நான் யார் என்று வயருக்குள் கத்தும். சேர்வர் இலக்கத்தைப் பார்த்து, நீ இன்னார் என்று பெயர் கொடுத்து, வேண்டியதையெல்லாம் அனுப்பும். இந்த ஆறும் பெயரை வாங்கிக்கொண்டன. அதற்கு மேல் நகரமாட்டேன் என்று நின்றன. சேர்வரில் கிடந்தது பழைய கார்டுகளை இயக்கும் ட்ரைவர் புரோகிராம். புதிய கார்டின் பாஷை அதற்கு விளங்காது. பட்டியலோ சேர்வருக்குள். மேசைக் கொம்பியூட்டர் ஒன்றாவது எழும்பினால்தான் அதைத் திறக்கலாம். ஒன்று போதும். ஒன்றே ஒன்று.

கூட வந்த சீடியிலிருந்து ட்ரைவரை ஏற்றினான். முதல் மேசைக்கு ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினான். காற்றாடி சுற்றியது, எழுத்துகள் ஓடின, நின்றன. கார்ட் இல்லையாம். கண்ணுக்கு முன்னே கார்ட் இருக்கிறது, இல்லையென்கிறது! வேறொரு பதிப்பை ஏற்றினான். அதுவும் இல்லையென்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஷெல் அதிர்வுக்கு யன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழுப்பு ஒட்டுநாடா ஓரங்களால் தண்ணீர் கசிந்தது. ஆளில்லாத கந்தோரில் ஆறு திரைகளின் நீல வெளிச்சம் ஆறு வெறுங்கதிரைகளில் விழுந்து கிடக்க, அவனுக்குத் திடீரென்று அழுகை வந்தது. இந்த ஊரில் தனக்கென்று ஒரு சீவனும் இல்லையே என்று தோன்றியது. மூக்கைச் சீறிவிட்டு மறுபடி சேர்வருக்கு வந்தான்.

ஏழாவது இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இப்போதுதான் இலக்கத்தைப் பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அது கூட வேலைசெய்த பாக்கியரத்தினத்தின் கொம்பியூட்டர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, வந்தவர்கள் யாரென்று எவரும் கேட்கவில்லை, பாக்கியரத்தினத்தையும் ஏற்றி அவன் கொம்பியூட்டரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை. கொம்பியூட்டரும் திரும்பவில்லை. இலக்கத்தை மட்டும் சேர்வரிலிருந்து யாரும் அழிக்கவில்லை. அழித்தால் ஆள் இல்லையென்று ஆகிவிடும் என்று எல்லாருக்கும் ஒரு பயம்.

வயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியைப் பார்த்தான். ஏழாவது துளையில் பச்சை வெளிச்சம் படபடவென்று மினுங்கியது. அங்கிருந்து போகும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனான். சுவர் ஓரம், அலுமாரிக்குப் பின்னால், மூலை மேசைக்குக் கீழ். மேசையில் ஒன்றுமில்லை. வயரின் நுனி சீமெந்து நிலத்தில், தூசிக்குள், சும்மா கிடந்தது.

தொட்டான். சுட்டது.

விழுந்தடித்துத் திரும்பி ஓடினான். திரையில் ஏழாவது நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பெயர் வாங்கிவிட்டது. ட்ரைவர் வாங்கிவிட்டது, பழைய கார்டுக்குப் பழைய ட்ரைவர், ஒரு குறையும் இல்லை. முழுதாக எழும்பிவிட்டது. அடுத்த வரி மெல்ல விழுந்தது. பட்டியல் திறந்திருக்கிறது. பயன்படுத்துபவர்: பாக்கியம்.

ஒருவர் திறந்து வைத்திருந்தால் மற்றவர் தொட ஏலாது. மணி மூன்று இருபது.

இனி மறைத்து என்ன. சோமசேகரத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. பாக்கியரத்தினம் போய்ப் பத்தாம் நாள், ஒரு சவம் கரையில் ஒதுங்கியிருக்கிறது, அடையாளம் காட்ட வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி வந்தது. பெண்சாதி புஸ்பராணிக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. இவன்தான் போனான். துணியை விலக்கினார்கள். ஒன்பது வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தவனைத் தெரியாமல் போகுமா? ஆனால் அங்கே பேனையும் கொப்பியுமாக ஒருவன் நின்றான். "உங்களுக்கு இவர் என்ன முறை?" என்று கேட்டான். தன் பெயரும் அந்தக் கொப்பியில் ஏறப்போகிறதே என்று பயந்துபோனான்.

"ஆள் இவர் இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். புஸ்பராணி அவன் கையிரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சவத்தைப் பெயரில்லாமல் எங்கோ புதைத்தார்கள். அவள் இன்றும் திங்கட்கிழமை தவறாமல் கந்தோருக்கு வந்து, ஏதும் தகவல் உண்டோ என்று அவனிடம்தான் கேட்கிறாள்.

"டேய் பாக்கியம்" என்றான் வெறுங்கந்தோரைப் பார்த்து. குரல் அவனுடையது போலவே இல்லை. "என்ர பிள்ளை வரவேணுமடா. விடடா."

மூன்று நாற்பது. பட்டியல் திறந்தே கிடந்தது.

இலக்கத்தை அழித்தான். அழிக்கட்டுமா என்று சேர்வர் ஒருமுறை கேட்டது. ஓமென்று கொடுத்தான். பச்சை வெளிச்சம் அணைந்தது.

அந்தக் கணமே முதல் மேசையில் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் எழுத்துகள் நிற்காமல் ஓடுகின்றன. கார்டைக் கண்டுபிடித்துவிட்டது! பட்டியலைத் திறந்தான். 112 பூரணி. 113 துளசிகா. அப்படியே இருந்தன. மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினான். போய்ச் சேர்ந்தது என்று பதிலும் வந்தது. கதிரையில் சாய்ந்து வாய்விட்டு அழுதான்.

தொலைபேசி அடித்தது.

"இஞ்சேருங்கோ," பூரணியின் குரல், இரைச்சலுக்குள். "சாப்பிட்டனீங்களோ? நாங்கள் துறையில நிக்கிறம். கப்பல் வந்திட்டுது. ஆக்களை ஏத்துகினம்."

சோமசேகரம் யன்னலால் வெளியே பார்த்தான். கீழே உள்துறைமுகத்தில், மழைக்குள், இன்றிரவு வெளிக்கிடவேண்டிய கப்பல் இன்னும் நங்கூரத்தோடு நின்றது.

"எந்தக் கப்பல்?"

"இதென்ன கேள்வி? உங்கட கந்தோர் ஆள்தானே நிண்டு பேர் கூப்பிடுறார். பாக்கியண்ணை. புஸ்பராணியக்கா சொன்னது சரிதான், ஆள் உயிரோடதான். துவாய்த் துணியால தாடையைத் தலையோட சேத்துக் கட்டியிருக்கிறார், பல்லு வருத்தமாக்கும். உங்கட பேரைச் சொல்லி விசாரிச்சவர். துளசியைத் தூக்கி வைச்சிருக்கிறார்."

"பூரணி. போகாதை."

"என்ன? கேக்கேல்லை."

"அவன் செத்திட்டான். நான் கண்டனான். நான்தான் கண்டனான்!"

"கேக்கேல்லையப்பா. கூப்பிடுறார், போறன்."

அவள் தொலைபேசியை வைக்காமலே போய்விட்டாள். ஆட்கள் நகரும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு குரல், துணிக்குள்ளிருந்து, ஒவ்வொரு பெயராக.

பட்டியல் திரையில் திறந்தே இருந்தது. கப்பலேறியவர்களைக் குறிக்கும் கட்டம் அதில் உண்டு; துறையில்தான் குறிப்பார்கள். 109-க்கு நேரே ஒரு சரி அடையாளம் விழுந்தது. 110. 111.

112.

கொஞ்சம் பொறுத்து 113-க்கு நேரேயும், சிறுபிள்ளைக்குக் கைபிடித்து எழுதப் பழக்குவதுபோல் மெல்ல, ஒரு சரி.