கொள்ளிடத்தில் ஒளிந்த நரி

காலை மடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், தங்கங்களா. சுவரோரமாக உட்காருங்கள், முதுகு சுவரில் நன்றாகப் படட்டும். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். கதை முடிகிறபோது நீங்களே இன்னும் ஒட்டி உட்காருவீர்கள். பயப்படுகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். வலித்தாலும் சொல்ல மாட்டேன். உங்களுக்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறேன்.

நம் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையை நோக்கிப் போகிற தெருவில், ஒரு மாடி வீடு. அதில் குடியிருந்தவள் மணிமேகலை. கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை. அவள் கணவருக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். ஆடி மாதத்துச் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். அடுப்பில் பால் வைத்துவிட்டு, டிகாஷன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஃப்ரிட்ஜின் மேல் நிறுத்தியிருந்த வாக்கி டாக்கி மூன்று முறை கூவியது.

தணிந்த சுரம் ஒன்று. நடுவாந்திரமாக ஒன்று. உச்சத்தில் ஒன்று.

பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. அந்த வாடை வீடெல்லாம் பரவிய பிறகுதான் அவள் கை அடுப்பை அணைத்தது.

ஏனென்றால், கண்ணுகளா, அந்த மூன்று சுரத்தை உலகத்தில் ஒரே ஒரு பிஸ்கட் டின்தான் பாடும். அவள் தம்பி வீரமலை தன் கையால் ஈயம் பற்றவைத்து, சின்ன பேட்டரி வைத்து, டின்னுக்குள் அடக்கிய சத்தம் அது. அந்த டின் போன வருஷம் கொள்ளிடத்தோடு போய்விட்டது. அதை வைத்திருந்த வீரமலையும் போய்விட்டான்.

அக்காவும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே ரேடியோ, கம்பி, சோல்டரிங் புகை என்று அலைந்தவர்கள். ஒன்றாகப் பரீட்சை எழுதி, ஒன்றாக ரேடியோ லைசென்ஸ் வாங்கினார்கள். திருச்சியில் அதே பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் உண்டு. பாலக்கரையில் மிக்ஸி, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பரக்கத் அலிதான் அவர்களில் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் சேர்ந்து நரிவேட்டை ஆடுவார்கள். ஒருவர் நரி. பீப் போடுகிற டப்பாவும் ஒரு வாக்கியும் எடுத்துக்கொண்டு எங்காவது போய் ஒளிந்துகொள்வார். மற்றவர்கள் சிக்னல் எந்தப் பக்கம் பலமாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தேடிப் போவார்கள்.

ஆட்டத்துக்குச் சட்டம் உண்டு. நரி தன் ஃபோனை ஆட்டம் நடத்துகிறவரிடம் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்று வேலை நடக்கும். நடத்துகிறவர் வாக்கியில், "நரி, வா. ஆட்டம் முடிஞ்சுது" என்று சொல்கிற வரைக்கும் நரி இடத்தை விட்டு அசையக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிவிட்டால், அந்தக் குரலின் சிக்னலைப் பிடித்துக்கொண்டே நரி வந்து சேரும். வந்ததும் உள்ளங்கையை நீட்டும். அதில் ஃபோனை வைக்க வேண்டும்.

கிட்டத்தில் வந்துவிட்ட நரியைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அதை வீரமலைதான் சொல்லித் தருவான். நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏரியலைக் கழட்டிடு. வாக்கியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, நின்ன இடத்துலயே மெதுவா சுத்து. உன் உடம்பு சிக்னலை மறைக்கும். எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறப்போ சத்தம் தேயுதோ, அப்போ நரி உன் முதுகுக்குப் பின்னால இருக்கு. திரும்பிடாதே, கடிச்சிடும்."

சொல்லிக்கொண்டே பின்கழுத்தில் ஒரு கிள்ளு கிள்ளுவான்.

போன ஆடியில் அவன்தான் நரி. கொள்ளிடத்து மணல் திட்டில், நாணல் புதருக்குள் போய் ஒளிந்தான். ஆட்டத்தை நடத்தியவள் மணிமேகலை. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வருகிறது, கரையேறுங்கள் என்று மைக்கில் கத்திக்கொண்டு ஒரு ஜீப் போனது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நனைந்துவிடுமே என்று அவள் வாக்கியை ஆஃப் செய்து பைக்குள் திணித்தாள். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு பையில் கைவிட்டபோது இரண்டு ஃபோன்கள் தட்டுப்பட்டன. ஒன்று அவளுடையது.

சொல்ல வேண்டிய சொல்லை அவள் சொல்லவே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தபோது திட்டு இல்லை, நாணல் இல்லை, அகலம் தெரியாத தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. உடம்பு கிடைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்: "நான் கூப்பிட்டேன். அவனுக்குக் கேக்கலை போல." ஒரு வருஷமாக அந்தப் பொய் சோற்றில் மண்ணாக அவள் பல்லில் நெருடிக்கொண்டிருந்தது. வாக்கியை அவள் தொடவில்லை. இந்த வருஷமும் முக்கொம்பு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால், ஒரு அவசரத்துக்கு உதவும், வாக்கியை ஆன் செய்து வையுங்கள் என்று பரக்கத் அலி கெஞ்சிக் கேட்டதால்தான் அன்று எடுத்தாள்.

அவருக்கே ஃபோன் போட்டாள்.

"பாய், உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"தண்ணி அளவு சொன்னாங்க, கேட்டுச்சு. பக்கத்துக் கடையில குக்கர் விசில் கேட்டுச்சு. வேற என்ன?"

"டின் சத்தம் பாய். வீரமலையோட டின்."

அந்தப் பக்கம் ரிப்பேர் மேஜையில் ஏதோ வைக்கிற ஓசை.

"எவனாவது அன்னிக்கு ரெக்கார்டு பண்ணி வச்சிருப்பான்மா. இப்போ அதைப் போட்டு விளையாடுறான். வாக்கியை அணைச்சுட்டு ஒரு காப்பி குடிங்க."

"நீங்கதானே போட்டு வைக்கச் சொன்னீங்க."

"ஆமா, நான் சொன்னதெல்லாம் கேட்டுடுவீங்களாக்கும். அந்த ஓட்டை ஏரியலை மாத்துங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்." சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க மேகலை. நீங்கதான் அன்னிக்கே ஆட்டம் முடிஞ்சுதுன்னு கூப்பிட்டுட்டீங்களே. அப்புறம் அவன் எதுக்கு இன்னும் ஒளிஞ்சு உக்காந்திருக்கப் போறான்?"

ஃபோனை வைத்தாள்.

வாக்கி மறுபடியும் பாடியது.

பரண்மேல் கிடந்த வேட்டை ஏரியலைத் தேடி எடுத்தாள். பிளாஸ்டிக் குழாயில் இஞ்ச் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டிய மீன்முள் மாதிரியான அதை வாக்கியில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். மேற்கே கடைசிச் சிவப்பும் வடிந்துகொண்டிருக்க, தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசைக்கும், எங்கோ தெருக் குழாயடியில் குடம் உருளும் ஓசைக்கும் அடியில், நிற்காமல், மூச்சு விடாமல், பாய்போல விரிந்து கிடந்தது கொள்ளிடத்தின் இரைச்சல். புதுத் தண்ணீரின் வாடை, அழுகிய நாணலும் சேறும் கலந்த வாடை, காற்றில் வந்து அவள் புடவையில் ஏறிக்கொண்டது. ஏரியலை நாலு பக்கமும் காட்டினாள். கோயில் பக்கம் ஒன்றுமில்லை. திருவானைக்காவல் பக்கம் ஒன்றுமில்லை. வடக்கே திருப்பியதும் வாக்கியின் சிக்னல் கோடுகள் எழுந்து நின்றன. மணல் திட்டு இருந்த இடம். இப்போது அங்கே ஆளை மூழ்கடிக்கிற தண்ணீர்.

அவன் இன்னும் ஒளிந்திருக்கிறான். சட்டத்தை மீறாமல்.

அவள் பொத்தானை அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள். ஒரு வருஷமாக வாய்க்குள் கிடந்த சொல் அழுகையோடு வெளியே வந்தது.

"நரி, வா. ஆட்டம் முடிஞ்சுது. அக்காதான்டா. வாடா வீரமலை."

பொத்தானை விட்டாள். ஆறு இரைந்துகொண்டிருந்தது. நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தாற்போல இருந்தது அவளுக்கு. இனிமேல் பொய் இல்லை. அவன் போகலாம். அவளும் தூங்கலாம்.

மூன்று சுரம் கேட்டது. திசை கொஞ்சம் மாறியிருந்தது.

ஏரியலை நகர்த்திப் பார்த்தாள். திட்டு இல்லை, கரை. இன்னொரு முறை பாடியபோது கரையைத் தாண்டிய தென்னந்தோப்பு. அடுத்த முறை தெருமுனை. கோடுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரு காலியாகக் கிடந்தது. ஒரு நாய் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு, எதற்கோ வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

அடுத்த முறை, ஏரியலின் முனையைத் தரைக்குக் காட்டியபோதுதான் சத்தம் பலமாக வந்தது. அவள் காலுக்குக் கீழே. வீட்டுக்குள்.

கரண்டு போயிற்று.

கூப்பிட்டவள் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? இரும்புக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கி, தன் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றுபோன வீட்டில் தீய்ந்த பால் வாடை இன்னும் இருந்தது. அதற்குள்ளே சேற்று வாடையும் இருந்தது. அவள் புடவையிலிருந்து வருகிறதாக நினைத்துக்கொண்டாள்.

கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரி வேலம்மாளின் குரல்.

"மேகலை! யாரு இப்போ மாடிக்கு வந்தது? படியெல்லாம் தண்ணியும் மணலுமா இருக்கு. காலையிலதான் கழுவி விட்டேன்."

"யாரும் வரலீங்க அக்கா."

"யாரும் வராம மணல் தானா ஏறி வந்துச்சாக்கும். உன் வீட்டுக்காரர்னா செருப்பைக் கீழேயே விடச் சொல்லு." டார்ச் வெளிச்சம் கதவிடுக்கில் ஆடியது. "இல்ல, செருப்பு போட்ட கால் இல்ல. வெறுங்காலு. உன் வாசல் வரைக்கும் வந்திருக்குடி."

"திரும்பிப் போன தடம் இருக்கா அக்கா?"

டார்ச் வெளிச்சம் படிப்படியாகக் கீழே போய் மறுபடி மேலே வந்தது.

"இல்ல," என்றாள். பிறகு அவள் படியிறங்கித் தன் கதவைச் சாத்திக்கொள்ளும் ஓசை கேட்டது.

மணிமேகலை பீரோவைத் திறந்தாள். தம்பியின் ஃபோனைத் துணி மடிப்புக்குள் வைத்திருந்தாள். எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் போய்விடுவான். சட்டம் அதுதானே.

கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். இருட்டில் வாக்கியின் பச்சை வெளிச்சம் மட்டும். ஏரியலைத் திருகிக் கழற்றினாள். ஏரியல் இல்லாத வாக்கிக்குக் கைக்கெட்டும் தூரத்துச் சிக்னல்தான் நன்றாகக் கேட்கும்.

நன்றாகக் கேட்டது.

நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கதவைப் பார்த்து நின்றாள். சத்தம் தேய்ந்தது.

அப்படியானால் பின்னால். சமையலறைப் பக்கம்.

மெல்லத் திரும்பினாள், சமையலறையைப் பார்த்து. இருட்டில் சிங்க் தெரிந்தது. ஃபில்டர் தெரிந்தது. யாரும் இல்லை. இப்போது சத்தம் ஓங்கி வர வேண்டும்.

தேய்ந்துதான் வந்தது.

சன்னலைப் பார்த்துத் திரும்பினாள். தேய்ந்தது.

சாமி படத்தைப் பார்த்து. தேய்ந்தது.

மறுபடி கதவு. மறுபடி சமையலறை. வேகமாக. இன்னும் வேகமாக. எந்தப் பக்கம் பார்த்தாலும் தேய்ந்தது. அவள் திரும்பத் திரும்ப அதுவும் திரும்பியது.

நின்றாள்.

காலடியில் தரை ஈரமாக இருந்தது. அவள் நிற்கிற இடத்தைச் சுற்றி, வட்டமாக, ஆற்று மணல்.

வாக்கியை அணைத்தாள். பச்சை வெளிச்சம் செத்தது.

மூன்று சுரம் கேட்டது.

தணிந்து ஒன்று. நடுவில் ஒன்று. உச்சத்தில் ஒன்று. தண்ணீர் நிறைந்த தொண்டையிலிருந்து. அவள் பின்கழுத்துக்கு வெகு கிட்டே.

குளிர்ந்த விரல் இரண்டு அங்கே லேசாகக் கிள்ளின.

அப்புறம் அவள் தோளுக்கு மேலே, முன்னால், மெதுவாக, ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை. நகத்துக்கடியில் நாணல் வேர். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது.

அவள் ஃபோனை எடுத்து அதில் வைத்தாள்.

கை ஃபோனைத் தரையில் நழுவ விட்டது. அசையாமல் அப்படியே, விரிந்தபடியே, அவள் கைக்காகக் காத்திருந்தது.

போதும், தங்கங்களா, இதற்கு மேல் நான் பார்க்கவில்லை. சுவரை விட்டு நகராமல் இப்படியே என் பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் விளக்கு வைப்பதற்குள் உலர்ந்த காலோடு வாசல் வழியாக வந்து சேரட்டும். அவர்களைக் கூப்பிட வேண்டிய சொல் கூப்பிட வேண்டிய நேரத்தில் உங்கள் வாயில் வரட்டும். தூங்குகிறபோது உங்கள் முதுகைத் தொடுகிற கை, பெற்றவர்கள் கையாக மட்டுமே இருக்கட்டும். குலம் தழைத்து நன்றாக இருங்கள்.