முத்திரை உடையாத பெட்டி

காலையில் கதவைத் தட்டிய பெண்ணுக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“என் பெட்டியை யாரோ கெடுத்துட்டாங்க சார். சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரிஞ்சாகணும்.”

நிதானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பட்டப்பெயர் அவரை விட்டுப் போகவில்லை. வேலை தேடுவதையே வேலையாக வைத்திருந்த அவருடைய மைத்துனன் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டான்.

அவளும் அவளுடைய அண்ணனும் ஒரு சிறிய பட்டறை நடத்திவந்தார்கள். மின்சாரம் இல்லாத மருத்துவமனைகளில் தடுப்பூசி மருந்தை ஒரு வாரம் குளிர்ச்சியாக வைத்திருக்கும் பெட்டியை அவள் உருவாக்கியிருந்தாள். சிறு தொழில்களின் ஆராய்ச்சிக்கு அரசு தரும் நிதியில் முதல் கட்டம் கிடைத்துவிட்டது. இரண்டாம் கட்டத்துக்கான கடைசிச் சோதனைக்கு அதிகாரியே வந்து, பெட்டியில் ஐஸ் கட்டிகளை நிரப்பி, பூட்டி, ஈயமுத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு வாரம் கழித்து இன்று காலை திறந்தார். உள்ளே ஒரு துண்டு ஐஸ்கூட இல்லை.

“எத்தனையோ தடவை சோதிச்சிருக்கோம் சார். எப்பவும் பாதி ஐஸ் அப்படியே இருக்கும். இந்தத் தடவை யாரோ வெளியிலேர்ந்து சூடு காட்டியிருக்காங்க. அதை நிரூபிச்சா மறுசோதனை தர்றேன்னு அதிகாரி சொல்றார். இல்லேன்னா இன்னைக்கே முடிச்சிடுவாங்க. திட்டமே இந்த வருஷத்தோட சரி.”

“யார் மேலம்மா சந்தேகம்?”

“கீழ்த்தளத்துத் தையல்காரர். பெட்டியைத் தூக்கித் தெருவுல எறியறேன்னு கத்தினவர்.”

மாடியில் இருந்த பட்டறை ஒரே அறைதான். தகரம் வெட்டும் மேசை, பசை வாளிகள், மூலையில் சுருட்டி வைத்த படுக்கை. நடுவில் பெட்டி. அதன் அடியிலிருந்து ஒரு குழாய் தரையில் இருந்த வாளிக்குள் இறங்கியது. பெட்டியின் பக்கத்தில் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இந்தத் தடவையும் உருகிப்போச்சே” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

நிதானம் அறுத்த முத்திரையைத் தடவிப் பார்த்தார். அதிகாரி அறுத்ததைத் தவிர வேறு காயம் இல்லை. பெட்டியின் வெளிச்சுவரிலும் கருகலோ, பெயிண்ட் உப்பலோ இல்லை. பிறகு வாளியைப் பார்த்தார். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றது.

“முழு ஐஸும் உருகினா எவ்வளவு தண்ணி வரும்?”

“இந்த வாளி கொள்ளும் சார். அளந்து வாங்கினதுதான்” என்றாள் தங்கை.

“வாளியை யார் கவனிக்கிறது?”

“அண்ணன்தான். ராத்திரி இங்கேயே படுத்துப்பார்.”

கீழே தையல்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தார்.

“ஆமா, கத்தினேன். கத்தாம கொஞ்சுவாங்களா? இவங்க சோதனை வெக்கிறப்பல்லாம் மேலேர்ந்து தண்ணி ஒழுகும். ஒரு கல்யாணக் கோட்டே பாழாப்போச்சு. இந்த வாரம்தான் சொட்டுத் தண்ணி இறங்கல. நிம்மதியா தைச்சேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

மைத்துனன் நிதானத்தின் காதைக் கடித்தான். “அத்தான், இஸ்திரிப்பெட்டியைப் பாருங்க! சூடு காட்ட இதைவிட வேற என்ன வேணும்?”

“மச்சான், இஸ்திரிப்பெட்டியை வெச்சா பெயிண்ட் சும்மா இருக்குமா? அதை விடு. பாதி ஐஸ் மிஞ்சினப்போ கீழ வரைக்கும் ஒழுகியிருக்கு. முழுசா உருகினப்போ வாளியே நிரம்பல. இது எந்த ஊர்க் கணக்கு?”

மைத்துனன் இஸ்திரிப்பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியேறினான்.

மேலே வந்ததும் நிதானம் மூவரையும் உட்காரச் சொன்னார். அண்ணன் மட்டும் நின்றார்.

“இந்த வாரம் யாரும் எதையும் செய்யலம்மா. அதனாலதான் உருகிச்சு” என்றார் நிதானம். “முந்தின சோதனைகள்லதான் ஒருத்தர் கை வெச்சிருக்கார். உள்ளே வெச்ச ஐஸைவிட அதிகமா தண்ணி வந்திருக்குன்னா, நடுவுல யாரோ புது ஐஸ் போட்டிருக்கணும். சாவி வேணும், ராத்திரி இங்கே இருக்கணும், வாளியும் அவர் பொறுப்புல இருக்கணும். முத்திரை விழுந்ததும் அவர் கை கட்டுப்பட்டுப்போச்சு. காலையில நாங்க உள்ளே வந்தப்போ உங்க அண்ணன் என்ன சொன்னார்? ‘இந்தத் தடவையும்’னார். உங்க கணக்குப்படி இதுதானே முதல் தடவை?”

தங்கை திரும்பி அண்ணனைப் பார்த்தாள். மறுப்பார் என்று காத்திருந்தாள்.

“மொத சோதனையில மூணாம் நாளே உருகிடுச்சு பாப்பா” என்றார் அவர். “நீ அப்போ சாப்பாட்டைத் தொடுறதில்ல. வேலையை விட்டுட்டு வந்து இதுல உட்கார்ந்தவ. ஒரே ஒரு தடவைன்னுதான் ஐஸ் போட்டேன். நீ சிரிச்சே. அதை நம்பி அரசாங்கம் பணம் குடுத்துச்சு. அப்புறம் நிறுத்த முடியல. நடுவுல நீயே சரி பண்ணிடுவேன்னு நெனச்சேன்.”

“எனக்குத் தெரியாததை எப்படிண்ணா சரி பண்ணுவேன்?”



“சார்…” அண்ணன் நிதானத்தின் கையைப் பிடித்தார். “யாரோ சூடு காட்டினாங்கன்னு மட்டும் சொல்லுங்க. பேர் வேண்டாம். மறுசோதனை கிடைச்சா போதும்.”

“கிடைக்கும். எப்படியாவது பெட்டியும் தேறலாம். ஆனா மலைமேல இருக்கிற ஆஸ்பத்திரியில ராத்திரி எழுந்து ஐஸ் போட அண்ணன் இருக்க மாட்டாரே.”

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, இன்னொரு பெட்டி செஞ்சேனே, மரத்தூள் அடைச்சது. அதுக்கும் ஐஸ் போட்டியா?”

“இல்ல பாப்பா. அது உனக்கு அவ்வளவாப் பிடிக்கலன்னு…”

“பிடிக்காம இல்ல. அது அஞ்சு நாள்தான் தாங்கிச்சு. இதுதான் ஜெயிச்சதுன்னு நானே அதைத் தகரத்துக்காக வெட்டிட்டேன்.”

மைத்துனனுக்கு இப்போதுதான் உறைத்தது. மூன்று நாள் தாங்கிய பெட்டிக்காக ஐந்து நாள் தாங்கிய பெட்டியை அவள் அழித்திருக்கிறாள். அதை மேம்படுத்த இனி பணமும் இல்லை, திட்டமும் இல்லை. அவன் ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். நிதானம் அவன் தோளில் கை வைத்துத் தடுத்தார்.

அவள் போனை எடுத்து அதிகாரியை அழைத்தாள்.

“சார், யாரும் கெடுக்கல. பெட்டிதான் தாங்கல. முதல் கட்டத்துக்கு நாங்க குடுத்த முடிவுகளும் தப்பு. ஆமா சார், எல்லாமே. என்ன நடவடிக்கையோ எடுத்துக்கோங்க.”

அந்தப் பக்கம் அவர் நீளமாக ஏதோ சொன்னார். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். பேசி முடித்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அண்ணன் அதே இடத்தில் நின்றார். அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.