மீராம்பிள்ளையின் வள்ளம்

மீராம்பிள்ளையின் வள்ளம் வழக்கத்தைவிட உயரமாக மிதந்தது. கரையில் நின்று பார்க்கும்போதே நூகுவுக்கு அது உறுத்தியது. ஆள் ஏறாத வள்ளம்தான் தண்ணீர் மேல் அப்படிப் பட்டும் படாமலும் நிற்கும். ஆனால் அதில் ஆள் இருந்தான். குளத்தின் நடுவே, தலையில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டியபடி, தூண்டில் கயிற்றைப் பிடித்து மீராம்பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து ஐப்பசி. பொருநையில் வந்த வெள்ளம் ஏரல் சுற்றுவட்டாரத்துக் குளங்களையெல்லாம் நிரப்பிவிட்டிருந்தது. குளக்கரைப் படித்துறைக்கு நேர் மேலே நூகுவின் வீடு. அவன் மனைவி ஜுபைதா பீவியின் தம்பிதான் மீராம்பிள்ளை. கொழும்பிலிருந்து திரும்பியதிலிருந்து அவனும் அவன் மனைவி கமர் நிஷாவும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். கமர் நிஷாவுக்கு இதற்கு முன் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. இன்று மதியம் ஒரு ஆண் பிள்ளை பிறந்து, வீடு அதிர அழுதது.

"விடியக்கால போனவன், கஞ்சி குடிக்கக்கூட வரல" என்றாள் ஜுபைதா, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே. "தொண்ட கிழியக் கூப்பிட்டுப் பாத்துட்டேன், திரும்ப மாட்டேங்கான். நீங்க அங்கன போயி கூட்டிட்டு வாங்க. பிள்ள காதுல பாங்கு சொல்லணும்லா."

நூகு தன் வள்ளத்தை அவிழ்த்தான். பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. துடுப்பு போடும்போதெல்லாம் அல்லித் தண்டுகள் வள்ளத்தின் அடியில் நகம் கொண்டு கீறுவதுபோல் உரசிக்கொண்டு போயின. அழுகிய இலையும் புதுச் சேறும் கலந்த வாடை, கரையை விட்டு விலக விலகக் கனத்து, நாக்கில் துருப்பிடித்த இரும்பைப்போல ஒட்டியது. மூழ்கி நின்ற கருவேல மரங்களின் உச்சிக் கிளைகளில் எப்போதும் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உட்கார்ந்திருக்கும். இன்று ஒன்றுகூட இல்லை. பின்னால் வீட்டிலிருந்து பிள்ளையின் அழுகை மட்டும் தண்ணீர் மேல் தவழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"ஏலே மீரான்! ஆம்பளப் பிள்ளலே!"

துள்ளி எழுந்து வள்ளத்தையே கவிழ்த்துவிடுவான் என்று நூகு நினைத்திருந்தான். அந்த முதுகு அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. மீராம்பிள்ளையின் குரல்தான். ஆனால் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

"அழுகுதானா, மச்சான்?"

"கேக்கலையா ஒனக்கு? ஊரே கேக்குது. வாலே, உன் பிள்ளையப் பாரு."

"இங்கன கொண்டாரச் சொல்லும்."

"கூறுகெட்டுப் பேசாத. பிறந்த பிள்ளைய எவனாவது தண்ணிக்கு மேல கொண்டாருவானா?"

நூகு இன்னும் நெருங்கினான். அவன் துடுப்பு கிளப்பிய அலை போய் மோதியதும் மீராம்பிள்ளையின் வள்ளம் சருகுபோல் ஆடியது. உள்ளே உட்கார்ந்திருந்தவன் ஆடவில்லை. தலைத்துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டியது விழுந்த பலகை காய்ந்து கிடந்தது.

நூகு துடுப்பை நிறுத்தினான். ஜுரமாக இருக்கும், மழையில் நனைந்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"கயித்தப் பிடியும், மச்சான்" என்றது குரல். "கனமா இருக்கு. அத மேல எடுத்துப் போட்டா நான் கரைக்குப் போயிருவேன்."

மீராம்பிள்ளையின் வள்ளத்து விளிம்பிலிருந்து ஒரு கயிறு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. நூகு அதைப் பிடித்து இழுத்தான். விரால் என்றால் முறுக்கும். கெளுத்தி என்றால் வெட்டி வெட்டி இழுக்கும். இது எதுவும் செய்யவில்லை. நனைந்த மூட்டைபோல், இழுத்த இழுப்புக்கெல்லாம் பைய மேலே வந்தது.

முதலில் முடி வந்தது.

பாசி என்றுதான் நினைத்தான். அப்புறம் நெற்றி. வெளுத்துப்போன காது. கயிறு மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி, சதைக்குள் இறங்கி எலும்பில் நின்றிருந்தது. திறந்த வாய் நிறையச் சேறு. கண்கள் திறந்திருந்தன.

மீராம்பிள்ளை.

காலையிலேயே செத்திருக்க வேண்டும். விரல்கள் ஊறி நொய்ந்திருந்தன. நூகு அந்தக் கையைப் பிடித்தான். விடத் தோன்றவில்லை. "மீரான், மீரான்" என்று அந்த முகத்தைப் பார்த்தே கூப்பிட்டான். தலையைத் தூக்க மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பார்த்தான்.

பக்கத்தில் யாரும் இல்லை. வள்ளமும் இல்லை.

அந்த வள்ளம் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. துடுப்புச் சத்தம் இல்லை. தண்ணீரில் கோடுகூட விழவில்லை. அதே வெள்ளைத் துண்டு. அதே முதுகு.

நூகு துடுப்பை ஓங்கிப் போட்டான். வள்ளம் நகரவில்லை. பிணத்தைச் சுற்றியிருந்த கயிறு அடியில் கருவேல மரத்தில் சிக்கியிருந்தது. இந்தப் பக்கம் அவன் இழுத்துப் போட்ட மிச்சம் அவன் வள்ளத்துக் குறுக்குக் கட்டையிலும் சுற்றி இறுகிவிட்டிருந்தது. பல்லால் கடித்தான். வாயெல்லாம் ரத்தம். கயிறு அறவில்லை.

"ஜுபைதா! உள்ள போளா! கதவச் சாத்து!"

காற்று கரையிலிருந்து அடித்தது. அவன் குரலை அவன் முகத்திலேயே திருப்பி எறிந்தது. ஜுபைதாவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது, சிரிப்போடு.

"வந்துட்டான், பாத்துட்டேன்! நீங்களும் சட்டுனு வாங்க!"

வள்ளம் படித்துறையைத் தொட்டது. உருவம் இறங்கியது. வள்ளம் அசையவே இல்லை. ஒவ்வொரு படியாக ஏறியது. மேலே வீட்டுக் கதவு திறந்தது. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஜுபைதா வாசலுக்கு வந்தாள். கையில் வெள்ளைத் துணிப் பொட்டலம். அதற்குள்ளிருந்து அழுகை.

"கொடுக்காத!" நூகு கத்தினான். "கொடுக்காத!"

அவன் பிடியில் மீராம்பிள்ளையின் கை குளிர்ந்து கிடந்தது. கரையில் அதே கைகள் நீண்டன.

ஜுபைதா பிள்ளையைக் கொடுத்தாள். அழுகை நின்றது.