கட்டியக்காரன் பேசும் இடம்

மாசானம் இடது காலை முன்னே வைத்தான். மேடைக்கு மேலிருந்த விளக்கு சிவந்தது.

"வலது கால்," என்றேன்.

"தெரியுமக்கா, மறந்துட்டு." பின்னால் போய் வலது காலை வைத்து வந்தான். பச்சை. கையிலிருந்த கோலை உயர்த்தினான், பச்சை. நடுவில் ஒரு தும்மல் வந்தது, உடனே சிவப்பு.

எங்கள் நாடகக் காப்பகத்தில் ஒவ்வொரு காலையும் இப்படித்தான் தொடங்கும். நடிகர் அசைவார், மெய்காணி என்ற கருவி பார்க்கும். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நாடகம் என்றால் அந்தக் காலத்து ஓலையிலோ, கோயில் சுவர் ஓவியத்திலோ, ஏதாவது ஒரு பாதிரியாரின் பயணக் குறிப்பிலோ அந்த அசைவுக்குச் சான்று இருக்க வேண்டும். இருந்தால் பச்சை. இல்லையென்றால் என்னதான் அழகாக ஆடினாலும் சிவப்பு. நான் செண்பகவடிவு, இந்தக் காப்பகத்தின் சான்றாளர். பச்சையோடும் சிவப்போடும் மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் போலிப்பெருக்கைப் பார்க்காதவர்கள். யார் வேண்டுமானாலும் யாருடைய பாட்டனையும் திரையில் பேச வைத்த காலம் அது. செத்துப்போனவர் வந்து, குளம் எங்கள் ஊருக்குத்தான் சொந்தம் என்பார். பக்கத்து ஊரில் செத்துப்போனவர் வந்து அதை மறுப்பார். உயிரோடு இருப்பவர்கள் அரிவாளைத் தூக்குவார்கள். அதன் பிறகுதான் சான்றுச் சட்டம் வந்தது. பழையது என்று எதைக் காட்டினாலும் சான்று வேண்டும். நல்ல சட்டம்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் சட்டத்துக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. புதிதாக நாடகம் போட்டால் எதைப் பார்த்துச் செய்தாய் என்று சான்று வாரியம் குடைந்தது. குழுக்கள் சலித்துப்போய் புதியதைக் கைவிட்டன. இப்போது மேடையேறுவதெல்லாம் வாரியத்தின் முத்திரை பெற்ற பழைய நாடகங்கள். முத்திரை விழுந்துவிட்டால் அந்த வடிவமே இறுதியானது. அதற்குப் பிறகு ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ யாராலும் முடியாது.

எனக்குத் தலைவலி கொடுத்தது குதிரைக்கள்ளன் நாடகம். என் ஆய்வு வாழ்க்கையில் பாதியை அதற்குத்தான் கொடுத்திருந்தேன். பாட்டு, வசனம், நுழைவு, வேடம் என்று ஒவ்வொன்றுக்கும் சான்று தேடிச் சேர்த்தாகிவிட்டது. மூன்றாம் காட்சியில் மட்டும் ஓர் இடம். ராஜாவின் குதிரை தொலைந்துவிட்டது. கட்டியக்காரன் வருகிறான், அது மாசானத்தின் வேடம். சபையைச் சிரிக்க வைக்க வேண்டியவன் அவன்தான். ஓலையில் அவனுக்கு வசனமே இல்லை. "அவ்விடத்தில் கட்டியக்காரன் தானே பேசிக்கொள்ளவும்," என்று ஒரே ஒரு வரி. நாடகத்தை எழுதிய புண்ணியவான் அதோடு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

மற்ற நாடகங்களில் இப்படிப்பட்ட இடங்களுக்கு வாரியம் இரண்டு வழி வைத்திருந்தது. ஒன்று, கட்டியக்காரன் வாய் திறக்காமல் வந்து நின்றுவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் கிடைத்த பழைய நகைச்சுவைகளை எல்லாம் கலக்கி ஏஐ ஒரு வசனம் செய்து தரும். அதற்கு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. சபை பச்சை விளக்கைப் பார்த்து மரியாதையாகக் கை தட்டும். என் நாடகத்துக்கு அந்தக் கதி வர விடக்கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

வாரிய ஆணையர் ஞானதுரை நேரில் வந்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்.

"வடிவம்மா, இந்த மாசத்துக்குள்ள முத்திரை விழலேன்னா நாடகத்த இருட்டறைக்கு அனுப்பணும். பெறவு அத யாரும் ஆட முடியாது. மௌனமா, ஏஐ வசனமா? ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டும் கெடையாது சார். ஓலையில என்ன எழுதியிருக்கு?"

"தானே பேசணும்னு இருக்கு."

"அது சான்றா இல்லையா?"

"சான்றுதான்."

"அப்ப மாசானம் பேசாம நின்னா அது சான்றுக்கு விரோதம். மிஷின் எழுதிக் குடுத்துப் பேசினாலும் விரோதம். அவனே பேசினாத்தான் சட்டப்படி சரி. வேணும்னா மெய்காணிகிட்டயே கேளுங்க."

கேட்டார். மெய்காணி இவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் பச்சை காட்டியது. எனக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஞானதுரை மூக்கைத் தடவினார். "சரிம்மா. ஆனா முதல் நாள் அவன் பேசுதது பதிவாகும். அதுதான் மூலம். மறுநாளையிலிருந்து எவன் ஆடினாலும் அதையே எழுத்துப் பிசகாமச் சொல்லணும். முத்திரைன்னா அதுதானே?"

துள்ள நினைத்த கால் தரையிலேயே நின்றது.

செய்தியைச் சொன்னபோது மாசானம் சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்தேன். முகம் வெளிறிப்போனான்.

"அக்கா, நான் மேடையேறி முப்பது வருசமாச்சு. ஒரு வார்த்த சொந்தமாப் பேசினது கெடையாது. இப்ப நான் ஒண்ணச் சொன்னா, எனக்குப் பெறவு வாரவன் எல்லாம் காலகாலத்துக்கும் அதையே சொல்லணும்னா, எப்படிக்கா வாய் வரும்? அது நல்லா இல்லாமப் போச்சுன்னா?"

"நீ வீட்டுல பேசுத மாதிரி பேசு. உன் வாயக் கண்டு தெருவே ஓடுதே."

"வீட்டுல யாரு பதிவு பண்ணுதா?"



முத்திரை நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. பார்வையாளர்களின் போன்கள் எல்லாம் வாசலிலேயே செயலிழந்துவிடும், சட்டம் அப்படி. அரங்கத்தில் ஒரே ஒரு பதிவுக்கண்தான் இருக்கும். அதை இயக்குவது சான்றாளர். என் கட்டைவிரல் ரேகை அதன் மேல் இருக்கும்வரைதான் அது பதிவு செய்யும். முன்வரிசையில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் ஞானதுரை.

முதல் இரண்டு காட்சிகளும் பச்சையாகவே போயின. மூன்றாம் காட்சியில் மாசானம் வந்தான், வலது காலை முன்வைத்து, கோலை உயர்த்தி. வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

சபை காத்திருந்தது. வியர்வையில் அவன் முகத்துச் சாயம் கரைந்து வழிந்தது. அவன் மெய்காணியைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டத்தோடு வாதாடி ஜெயித்துவிட்டு, ஒரு மனிதனைக் கொண்டுபோய்க் கல்வெட்டுக்கு முன்னால் உளியோடு நிறுத்தியிருந்தேன். பயத்தில் அவன் எதையாவது உளறினால் அந்த உளறலும் என்றைக்கும் நிற்கும்.

காப்பது என் வேலை. ஓலையில் ஓர் எழுத்து உதிர்ந்தால் சாப்பாடு இறங்காதவள் நான். ஆனால் அந்த ஒரு வரியை எழுதியவர் வசனம் தெரியாமலா விட்டிருப்பார்? யோசித்துத்தான் விட்டிருக்கிறார். அந்த இடத்தைக் காக்க வேண்டுமென்றால் எதையும் பிடித்து வைக்கக் கூடாது. எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரியும்படி கையை உயர்த்தினேன். பதிவுக்கண் அணைந்தது.

"வடிவம்மா, என்ன செய்யுதிய? வேல போயிரும்!" என்று ஞானதுரை பதறினார்.

"போகட்டும் சார். மாசானம், பேசுடா!"

அவன் என்னைப் பார்த்தான். அணைந்த கண்ணைப் பார்த்தான். பிறகு சபையைப் பார்த்து, கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"கேளுங்கவே. ராசா குதிரையக் காணும்னு ஊரெல்லாம் தேடுதாரு. இங்க என்னடான்னா, காவக்காரியே லாயத்தத் தொறந்து விட்டுட்டா. இனி கள்ளனுக்கு என்ன சோலி?"

பின்வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. பலர் சிரித்துவிட்டுப் பழக்கத்தில் விளக்கைப் பார்த்தார்கள், அதற்குள் அவன் அடுத்ததைச் சொல்லிவிட்டான். என்னை, ஞானதுரையை, தன் தும்மலை, யாரையும் விடவில்லை. நான் சிரித்தேன், அழவும் செய்தேன்.

ஒரு வாரம் கழித்து விசாரணை. பதிவு இல்லாததால், பார்த்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒட்டவில்லை. மாசானத்தைக் கேட்டதற்கு, "எனக்கு எங்க சார் ஞாபகம் இருக்கு?" என்று கையை விரித்துவிட்டான்.

"நீங்க சொல்லுங்க வடிவம்மா. உங்க ஞாபகம் மிஷின் மாதிரியாச்சே," என்றார் ஞானதுரை.

சொன்னேன். லாயம், காவக்காரி, கள்ளனுக்கு என்ன சோலி.

அவர் தலையை ஆட்டினார். "இல்லம்மா. சோலின்னு சொல்லல. கள்ளனுக்கு இனி லீவுன்னுதான் சொன்னான். சொல்லிட்டு இந்தா, கோல இப்படித் தோள்ல போட்டுக்கிட்டு..." பேனாவைத் தோளில் சாய்த்து, நாற்காலியை விட்டு எழுந்து, இடுப்பை வளைத்து ஒரு நடை நடந்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பாதி நடையில் ஞானதுரைக்குத் தன் நிலை புரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

ஓலையின் நகலை இழுத்து அந்த ஒரு வரியைப் படித்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "எழுதிக்கோம்மா," என்றார். "சாட்சியங்கள் ஒத்துப்போகாததால் மூன்றாம் காட்சி வசனத்துக்குச் சான்று எதுவும் நிலைக்கவில்லை. ஓலையில் உள்ள வரியே மூலம். அந்த இடத்தில் கட்டியக்காரன், எக்காலத்திலும், தானே பேசிக்கொள்ள வேண்டும்." முத்திரையை ஓங்கிக் குத்தினார். அடுத்ததாக என் பணிநீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வாசல் அட்டையை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அன்று சாயங்காலமே டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். வரி வரியாக எனக்கு மனப்பாடமான நாடகம். அடுத்த அடி எங்கே விழும், அடுத்த தாளம் எங்கே முடியும், எல்லாம் தெரியும்.

மூன்றாம் காட்சியில் மாசானம் வந்து நின்றான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கழுத்தை நீட்டினார், நானும் நீட்டினேன். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை.