பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க

இன்ஜினை அணைத்து, நங்கூரம் போட்டு, இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் தண்ணீருக்குள் இறங்கிப் போன பிறகுதான் அந்தத் தட்டல் கேட்டது. படகின் அடிப்பலகைக்கு வெளியே, கடல் பக்கமிருந்து, யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல. அலை மோதினால் அப்படிக் கேட்காது. அலைக்கு அவ்வளவு மரியாதை தெரியாது. இது, உள்ளே வரலாமா என்று கேட்கிற தட்டல்.

அவள் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டீசல் நெடியும், காயப்போட்ட ரப்பர் உடைகளின் புளித்த ஈர வாடையும், மேகம் மூடிய பகலின் புழுக்கமும் சேர்ந்து அவளைச் சூழ்ந்திருந்தன. படகோட்டி முன்பக்கம் காலை நீட்டி, இயர்போனைச் செருகிக்கொண்டு வேறு உலகத்தில் இருந்தான். பின்பக்கம், ஏணியருகே, அவளும் மாஸ்டரின் மகளும் மட்டும்.

மாஸ்டர், சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிறவன். அவனுக்கு இவளைத் தெரியாது. இவளுக்கு அவனை நன்றாகவே தெரியும். போன வருஷம் இதே படகில்தான் அவள் கணவர் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் காய்ச்சலோடு அறையில் படுத்துக் கிடந்தாள். பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அளந்தவன் இந்த மாஸ்டர். பார்த்துக்கொள்ள அவன் கண்டுபிடித்த வழி ஒரு ஸ்பேனர். அதைக் கயிற்றில் கட்டி ஏணியில் தொங்கவிட்டிருப்பான். மேலே பிள்ளை ஏணியின் இரும்பில் தட்டினால் கீழே அப்பாவுக்குக் கேட்கும். அவர் முதுகுச் சிலிண்டரில் தட்டிப் பதில் சொல்வார். பிள்ளைக்கும் பொழுதுபோகும், தனியாக ஓர் ஆள் போடுகிற செலவும் மிச்சம்.

மகன் தட்டினான். விடாமல் தட்டினான். மேலே போகலாம் என்று கணவர் கை காட்டினார். மாஸ்டர் தலையை ஆட்டி, அதெல்லாம் விளையாட்டு என்று சைகை செய்து, ஆமை காட்டக் கூட்டிப் போய்விட்டான். திரும்பி வந்தபோது ஸ்பேனர் ஆடிக்கொண்டிருந்தது, பிள்ளை இல்லை. கடல் அவனைத் திருப்பித் தரவே இல்லை. சொல்பேச்சு கேட்காத பையன், எட்டிப் பார்த்து விழுந்துவிட்டான் என்று விசாரணையில் மாஸ்டர் நாக்கூசாமல் சொன்னான். கணவர் அதற்குப் பிறகு வீட்டில் வாய் திறப்பதே இல்லை. அவள்தான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மகனிடம் பேசினாள். அவனை விட்டுடாத கண்ணா. நாம பட்டதை அவனும் படணும்.

இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலேதான் படகேறினாள். முகத்துக்கு நேராக ஒரு கேள்வி, இல்லாவிட்டால் ஓங்கி ஓர் அறை, அவ்வளவுதான் மனதில் இருந்தது. ஏறிப் பார்த்தால் புதுக் கயிற்றில் அதே மாதிரி ஒரு ஸ்பேனர் தொங்குகிறது. காது வலிக்கிறது, நான் இறங்கவில்லை என்றாள்.

“நல்லதாப் போச்சுக்கா,” என்றான் மாஸ்டர், பல்லெல்லாம் தெரிய. “ஸ்கூல் லீவு, இவ என்கூடயே ஒட்டிக்கிட்டுத் திரியறா. பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க.”

யார் எவர் என்றுகூடக் கேட்கவில்லை. பெற்ற மகளை ஒப்படைத்துவிட்டு, அப்படியே முதுகுப்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தான்.

மறுபடியும் தட்டல். வேகமாக இரண்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று.

அவள் குளிக்கப் போனால் போதும், பாத்ரூம் கதவில் மகன் இப்படித்தான் தட்டுவான். அம்மா, உள்ள இருக்கியா? இருக்கேன்டா, எங்க போயிடுவேன்? அதைக் கேட்டுவிட்டு ஓடிவிடுவான், திரும்ப வந்து தட்டுவான்.

“ஆன்ட்டி, அப்பாவா?” என்றது பாப்பா.

மாஸ்டரின் மூச்சுக் குமிழ்கள் எதிர்ப்பக்கம், பாறைகளுக்கு அருகே வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தன. படகின் அடியில் ஒரு குமிழ்கூட இல்லை. டீசல் நெடியைத் தள்ளிக்கொண்டு வேறொரு வாசனை எழுந்தது. குளித்துவிட்டுத் துவட்டாமல் விட்ட சின்னத் தலையின் வாசனை.

“நான் தட்டட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு படகோட்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு வருஷமாக அவள் கேட்கத் தவித்த சத்தம் அது. அதோடு, சொல்லவே வெட்கம், உள்ளுக்குள் ஒரு கசப்பான சந்தோஷமும் இருந்தது.

“தட்டு,” என்றாள்.

பாப்பா ஸ்பேனரால் ஏணியில் தட்டியது. கீழிருந்து உடனே பதில் வந்தது. பாப்பா கைகொட்டிச் சிரித்தது. பின்படியில் குப்புறப் படுத்து, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே முகத்தை நீட்டி, யாரிடமோ குசுகுசுவென்று பேச ஆரம்பித்தது. நடுவில் நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டது. மறுபடியும் பேசியது.

“யாருகிட்ட பேசற?”

“அண்ணாகிட்ட. முன்னாடி பல்லு விழுந்திருக்கே, அந்த அண்ணா.”

போன வருஷம் படகேறிய அன்று காலையில்தான் மகனுக்கு முன்பல் விழுந்தது. கணவர் காகிதத்தில் மடித்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாருக்கும் அது தெரியாது.

“ஜாக்கெட் போட்டிருந்தா கீழ வர முடியாதாம், ஆன்ட்டி.”

டக். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி ஒன்று விடுபட்டது. அவளுக்குக் கேட்டது.

டக். இன்னொன்று.

அவள் வானத்தைப் பார்த்தாள். வேண்டுமென்றேதான் பார்த்தாள். மாஸ்டரும் இப்படித்தானே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் அவனும் தவிக்கட்டும்.

தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை.

திரும்பினாள். பின்படி காலி. ஜாக்கெட் மட்டும் கிடந்தது.

“ஐயோ!”

குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. படகோட்டி அசையவில்லை. அவள் பின்படியில் விழுந்து தண்ணீருக்குள் கையை விட்டாள், தோள்வரை விட்டாள். பச்சை இருட்டு. ஒன்றும் தட்டுப்படவில்லை. இவ வேண்டாம் கண்ணா. இவ என்ன செஞ்சா? விட்டுடு. ஸ்பேனரை எடுத்தாள். ஏணியை நோக்கி ஓங்கினாள். தட்டினால் எல்லாரும் மேலே வந்துவிடுவார்கள்.

“அம்மா.”

முதுகுக்குப் பின்னால்.

பாப்பா நின்றுகொண்டிருந்தது. கவுன் நனையவில்லை, தலை நனையவில்லை. அப்பாடா என்று அவள் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான் அந்த விரல்கள் உறைத்தன. ஐஸ் போல. நெடுநாள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள்.

“அம்மா, உள்ள இருக்கியா?”

அவள் மெல்ல விலகி அந்த முகத்தைப் பார்த்தாள். பாப்பாவின் மூக்கு. பாப்பாவின் கன்னம். பார்வை மட்டும் வேறு. அந்தப் பார்வையைப் பெற்றவள் அவள்.

அடியில் மறுபடியும் சத்தம். இது அந்த இரண்டும் ஒன்றுமான தட்டல் இல்லை. தாறுமாறாக. பயந்த, சின்ன, இரண்டு கைகளாலும் அடிக்கிற சத்தம்.

மாஸ்டர் ஏணியில் ஏறி, மாஸ்க்கைக் கழற்றி, தண்ணீரைச் சிந்திக்கொண்டு சிரித்தான். அவன் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள்.

“சமத்தா இருந்தாளாக்கா?”

அவள் வாயைத் திறந்தாள். கீழ இருக்கா, உங்க பொண்ணு கீழ இருக்கா. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தச் சின்னக் கை அவள் விரலைப் பிடித்து அழுத்தியது. சொன்னால் மகன் போய்விடுவான். இன்னொரு தடவை போய்விடுவான்.

“சமத்துதான்,” என்றாள்.

இன்ஜின் உறுமியது. அந்தச் சின்னக் கைகள் அடிக்கிற சத்தம் படகின் அடியிலேயே பின்னோக்கி ஓடியது. தேய்ந்தது. நின்றது.

“அழாதம்மா,” என்று அது அவள் காதில் கிசுகிசுத்தது. “நான் மாஸ்டர் வீட்டுக்குப் போறேன். அங்க குட்டித் தம்பி ஒருத்தன் இருக்கானாம்.”

மாஸ்டர் வந்து மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். “என்னடி இப்படி ஜில்லுன்னு இருக்க?” என்று முதுகைத் தடவிக்கொண்டே முன்பக்கம் நடந்தான். அவன் தோளின்மேல் மோவாயை வைத்து அது அவளைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த வாயின் ஓரத்திலிருந்து கடல்நீர் வழிந்தது. அவன் முதுகில் இறங்கி, பலகையில் சொட்டி, நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தது.